மலையகத்திலிருந்து துருவத்துக்கு: இளம் ஆய்வாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சில வருடங்களாக அட்டன், பண்டாரவளை, பேராதனை என்று பல இடங்களிலிருந்து தம்பி தங்கைகள் எனக்குக் கேள்விகள் அனுப்புகிறார்கள். துருவ அறிவியலிலும் சுற்றாடல் அறிவியலிலும் ஆய்வாளராக எப்படி நுழைவது என்பதுதான் பெரும்பாலும் விஷயம். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து கை வலித்ததால் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நானும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவள்தான். பேராதனையில் புவிச்சரிதவியல் படித்து, நோர்வேயில் உறைநிலம் உருகும் சரிவுகளைப் பற்றிக் கலாநிதிப் பட்டம் செய்தேன். சொல்வதெல்லாம் அந்த ஒரு வழியில் நடந்து பார்த்தவளின் கருத்து.

நுவரெலியாவில் பனி கொட்டினாலே நடுங்குகிறோம். பனிக்கட்டியே இல்லாத ஊர்க்காரருக்குத் துருவ ஆய்வில் என்ன வேலை?

நமக்கு எல்லாமே பனிதான். விடியற்காலை மலையை மூடுவதும் பனி, புல்லில் நிற்கும் துளியும் பனி, ஜனவரியில் கொழுந்தைக் கருக்குவதும் பனி. அந்தாட்டிக்காவில் கிலோமீட்டர்க்கணக்கில் தடித்துக் கிடப்பதையும் அதே பெயரால்தான் சொல்கிறோம். சொல் ஒன்றாக இருப்பதுபோல, அவற்றை ஆராயும் முறைகளும் நாம் நினைப்பதைவிட நெருக்கமானவை.

அந்தாட்டிக்காவில் டோம் சி என்ற இடத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் துளையிட்டுப் பனிக்கட்டித் தண்டுகளை எடுத்தார்கள். அதில் சிறைப்பட்டிருந்த காற்றுக் குமிழிகள் 8 இலட்சம் ஆண்டுகளின் கதையைச் சொல்கின்றன. நம் ஹோட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணிலும் இதேபோலத் துளையிட்டிருக்கிறார்கள். படிந்து கிடந்த மகரந்தத்தை வைத்து ஏறத்தாழ 24,000 ஆண்டுகளின் பருவமழை ஏற்ற இறக்கத்தைப் படித்தார்கள். ஒன்றில் காற்றுக் குமிழி, மற்றதில் பூந்துகள். அடுக்கடுக்காகப் படிந்ததை மேலிருந்து கீழாக வாசிக்கும் வித்தை இரண்டுக்கும் பொது. ஒன்றைப் பழகியவருக்கு மற்றதற்குப் போக வழி உண்டு.

இன்னொன்று. துருவ ஆய்வாளர்களில் பலர் வருடத்தின் பெரும்பகுதியைக் கணினிக்கு முன்னால்தான் கழிக்கிறார்கள். ஐரோப்பாவின் சென்டினல்-1 செய்மதி ராடார் மூலம் படம் எடுக்கிறது. துருவத்தில் மாதக்கணக்கில் இருட்டு, மலையகத்தில் மாதக்கணக்கில் மேகம். ராடாருக்கு இரண்டுமே தடையில்லை. அதே படங்களை வைத்து ஒருவர் கடல்பனியைப் பார்க்கிறார், இன்னொருவர் மண்சரிவைப் பார்க்கிறார். தரவு இலவசம். தலவாக்கலையில் உட்கார்ந்தும் பதிவிறக்கலாம், இணைய இணைப்பு ஒத்துழைத்தால்.

'இளம் ஆய்வாளர்' என்றால் எத்தனை வயதுக்குள்?

வயதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பட்டம் முடித்து எத்தனை வருடம் என்றுதான் கேட்பார்கள். ஐரோப்பிய புவி அறிவியல் ஒன்றியம் கடைசிப் பட்டம் பெற்று 7 வருடத்துக்குள் இருப்பவரை இளம் ஆய்வாளர் என்கிறது. அந்தாட்டிக்க ஆய்வுக்கான அறிவியல் குழுவின் உதவித்தொகைக்குக் கலாநிதிப் பட்ட மாணவராகவோ, பட்டம் முடித்து 5 வருடத்துக்குள் உள்ளவராகவோ இருக்க வேண்டும். நடுவில் ஆசிரியையாக வேலை பார்த்துவிட்டு 34 வயதில் திரும்பிவரும் அக்காமாருக்கு இது நல்ல செய்தி. ஜப்பானிய அரசின் புலமைப்பரிசில் போன்ற சிலவற்றுக்கு வயது வரம்பும் உண்டு, அங்கே கவனம்.

இலங்கைக்கு அந்தாட்டிக்காவில் நிலையம் இருக்கிறதா?

இல்லை. 1959-இல் கையெழுத்தான அந்தாட்டிக்க உடன்படிக்கையில் இலங்கை சேரவும் இல்லை. இந்தியா 1983-இல் சேர்ந்தது. இன்று அங்கே மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்களையும் ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் தீவுகளில் ஹிமாத்ரி நிலையத்தையும் நடத்துகிறது. இமயமலைப் பனியாறுகளுக்காகக் காத்மண்டுவில் இயங்கும் ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டு மையத்தின் எட்டு உறுப்பு நாடுகளிலும் நாம் கிடையாது.

ஆகவே நம் அரசாங்கம் நம்மைக் கூட்டிப்போகும் என்று காத்திருந்தால் நரைத்துவிடும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுத் திட்டத்தில் உறுப்பினராகச் சேருவதுதான் நடைமுறை வழி. களத்துக்கு யார் போவது என்பதைத் திட்டத்தின் தேவை தீர்மானிக்கும். என்னுடைய குழுவில் ஐந்து நாட்டுக்காரர் இருந்தோம். இரண்டு பேரின் ஊரில் பனிக்கட்டி ஐஸ்பெட்டிக்குள் மட்டும்தான்.

எந்தப் பாடம் படிக்க வேண்டும்?

உயர்தரத்தில் கணிதமோ உயிரியலோ செய்தவர்களுக்கு வழி நேரானது. புவியியல் படித்த கலைப்பிரிவு மாணவர்களும் வரலாம், ஆனால் கணக்கோடும் கணினியோடும் சமாதானம் செய்துகொள்ள வேண்டும். பட்டத்தின் பெயரைவிட முக்கியமானவை மூன்று: பைதான் அல்லது ஆர் என்ற கணினி மொழியில் தரவைக் கையாளத் தெரிவது, கியூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருள், அடிப்படைப் புள்ளிவிவரம். இந்த மூன்றும் கையில் இருந்தால் பேராதனையில் படித்தீர்களா, பதுளை ஊவா வெல்லஸ்ஸவில் படித்தீர்களா, பெலிகுல்ஓயாவின் சப்ரகமுவவில் படித்தீர்களா என்று யாரும் துருவித் துருவிக் கேட்கமாட்டார்கள்.

வீட்டில் அம்மா கொழுந்தெடுக்கிறார். வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் பதியுங்கள். நோர்வே, சுவீடன், டென்மார்க் போன்ற நாடுகளில் கலாநிதிப் பட்டம் என்பது சம்பள வேலை. ஒப்பந்தம், மாதச் சம்பளம், வரி, விடுமுறை எல்லாம் உண்டு. பத்திரிகையில் வேலை வெற்றிடம் வருவதுபோல இவையும் விளம்பரமாக வரும். யூராக்சஸ் என்ற ஐரோப்பியத் தளத்திலும் பல்கலைக்கழகங்களின் வெற்றிடப் பக்கங்களிலும் பார்க்கலாம். இதைச் சொன்னபோது என் அப்பா நம்பவே இல்லை. "படிக்கிறதுக்குச் சம்பளமா? என்னமோ ஏமாத்துறாங்க புள்ள" என்றார். முதல் மாதச் சீட்டைக் காட்டிய பிறகும் அரைமனதோடுதான் தலையாட்டினார்.

அதற்கு முன் பெரும்பாலும் முதுமாணிப் பட்டம் வேண்டும். அங்கேதான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் சொந்தப் பணத்தில் முதுமாணி என்பது பெரிய செலவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணித் திட்டங்கள் கட்டணத்தை ஏற்று, மாதம் 1,400 யூரோவும் தருகின்றன. இரண்டு, மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிக்கலாம். ஜேர்மனியின் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட் (DAAD) நிறுவனம் வளர்முக நாட்டவருக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கிறது. அதற்குப் பட்டத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். ஆகவே வேலைக்குப் போய்விட்டோமே என்று வருந்தும் ஆட்களுக்குத்தான் அது பொருத்தம். பிரித்தானியாவின் பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஜப்பானிய அரசின் புலமைப்பரிசில் இரண்டுக்கும் இலங்கையர் விண்ணப்பிக்கலாம். ஜப்பானில் சப்போரோ நகரத்து ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் தாழ்வெப்ப அறிவியலுக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. தெற்கே போக ஆசை என்றால் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் தஸ்மேனியப் பல்கலைக்கழகம், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் கன்டர்பரி பல்கலைக்கழகம். அந்தாட்டிக்காவுக்குக் கப்பலும் விமானமும் புறப்படும் நகரங்கள் அவை.

பௌதிகமோ கணிதமோ நன்றாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது வேறொன்று. இத்தாலியின் ட்ரியெஸ்டே நகரத்தில் அப்துஸ் சலாம் சர்வதேச கோட்பாட்டுப் பௌதிக நிலையம் வளர்முக நாட்டு மாணவர்களுக்காக ஒரு வருட டிப்ளோமா நடத்துகிறது. புவித்தொகுதிப் பௌதிகம் அதில் ஒரு பிரிவு. கட்டணம் இல்லை, தங்கும் செலவையும் அவர்களே பார்க்கிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைப் பற்றித் தெரியவே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

இந்தியாவில் படிக்க இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில்கள் உண்டு, கொழும்பிலுள்ள உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம்.

கடைசியாக, 'ஃபைல் போட்டுத் தருகிறேன்' என்று காசு கேட்கும் முகவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன எதற்கும் முகவர் தேவையில்லை.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பதிலே வருவதில்லை. என்ன பிழை?

நானும் ஒரு காலத்தில் ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினேன். "மதிப்புக்குரிய ஐயா, தங்களின் மகத்தான ஆய்வுகளால் கவரப்பட்டு…" என்று தொடங்கும் வகை. ஒருவரும் எழுதவில்லை. அதில் பாதிப் பேர் பெண்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நாற்பத்தோராவது கடிதத்தில், எழுதப்போகும் பேராசிரியரின் ஒரு கட்டுரையை மட்டும் எடுத்துக்கொண்டேன். சரிவின் ஈரத்தை அளக்க அவர் கையாண்ட முறையை மேற்கோள் காட்டி, "எங்கள் ஊரில் ஒக்டோபர் மழையில் இதை முயன்றேன், இந்த இடத்தில் ஒத்துவரவில்லை, காரணம் மண் வகையாக இருக்குமோ?" என்று எழுதினேன். ஆறே வரி, ஒரு வரைபடம். மூன்றாம் நாள் பதில் வந்தது. வேலை கொடுக்கவில்லை, ஆனால் விளம்பரம் வரப்போகும் ஒரு திட்டத்தைப் பற்றிச் சொன்னார். அதுதான் எனக்குக் கிடைத்தது.

நம் பிள்ளைகளுக்குப் பணிவு பழகிப்போய்விட்டது. தோட்டத்து ஆபிஸ் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து நின்ற தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா. கடிதத்தில் அந்த வளைவு தெரிகிறது. மரியாதையாக எழுதுங்கள், ஆனால் கேள்வி கேட்கும் ஆளாக எழுதுங்கள்.

ஆங்கிலம் எவ்வளவு வேண்டும்?

ஐஈஎல்டிஎஸ் சோதனையில் 6.5 என்பது பல இடங்களில் போதும். சரளம் அங்கே போன பிறகு வந்துவிடும். எழுத்துத்தான் உடனே தேவை. தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் கூச்சப்பட வேண்டாம், நோர்வேக்காரருக்கும் அது இரண்டாம் மொழிதான்.

பெயர், முகவரியில் சிக்கல் வருமா?

வரும். உறைகுளிரைவிட இது என்னை அதிகம் அலைக்கழித்தது. தோட்டத்தில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழை வேறு யாரோ நிரப்பியிருப்பார்கள். அதில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் ஓர் எழுத்து, உயர்தரப் பெறுபேற்றில் இன்னோர் எழுத்து என்று இருக்கும். என் பெயரின் நடுவில் ஓர் 'எச்' சில ஆவணங்களில் இருந்தது, சிலவற்றில் இல்லை. வெளிநாட்டுக் குடிவரவு அதிகாரிக்கு இருவரும் ஒரே ஆள் என்று புரியவைக்க மூன்று மாதம் ஆனது. பட்டம் முடிக்கும் வருடத்திலேயே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். திருத்தக்கூடியதைப் பதிவாளர் மூலம் திருத்துங்கள், மிச்சத்துக்குச் சத்தியக்கடதாசி முடித்துக் கையில் வையுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரைப் போடுவதா உங்கள் பெயரைப் போடுவதா என்று ஒருமுறை முடிவெடுத்தால் பிறகு எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். வெளியிடும் கட்டுரைகளிலும்தான்.

முகவரி இன்னொரு கதை. பல தோட்டங்களில் கடிதம் ஆபிஸுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது மலையேறி லயத்துக்கு வர வேண்டும். எனக்கு வந்த ஒரு நேர்முகக் கடிதம் திகதி முடிந்து ஒன்பது நாளுக்குப் பிறகு கிடைத்தது. யாரையும் திட்டிப் பயனில்லை. பட்டணத்தில் கடை வைத்திருக்கும் உறவினரின் முகவரியைக் கொடுங்கள், அல்லது தபாலகத்தில் ஒரு பெட்டி எடுங்கள்.

பொம்பளப் பிள்ளையைப் பனிப்பிரதேசத்துக்கு அனுப்பலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அம்மாமாருக்கு நான் சொல்லும் பதில் இது. 1983-இல் புறப்பட்ட இந்தியப் பயணத்திலேயே அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் அந்தாட்டிக்காவுக்குப் போனார்கள். இஸ்ரோவைச் சேர்ந்த மங்களா மணி ஐம்பது வயதைத் தாண்டியபின் பாரதி நிலையத்தில் 400 நாளுக்கும் மேல் தங்கிவிட்டு வந்தார். விடிய முன் எழும்பி, ஈரச் சரிவில் கூடையோடு ஏறி இறங்கும் பெண்கள் வாழும் ஊரில் இந்தக் கேள்வி வருவதே எனக்கு வேடிக்கை.

ஆனால் பாதுகாப்பைப் பற்றிக் கேட்பது நியாயம். களக் குழுவில் சேருமுன் முறைப்பாடு செய்ய யார் பொறுப்பு, கூடாரத்தில் தங்கும் ஏற்பாடு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். ஒழுங்கான குழு உடனே பதில் தரும். முகம் சுளித்தால் அந்தக் குழு வேண்டாம்.

நேரில் போனால் எப்படி இருக்கும்?

ஸ்வால்பார்டின் லோங்யர்பியன் என்ற ஊர் 78 பாகை வடக்கில் இருக்கிறது. ஒக்டோபர் இறுதியிலிருந்து பெப்ரவரி நடுவரை சூரியன் எட்டிப்பார்க்காது. குடியிருப்பைத் தாண்டினால் துருவக் கரடியை விரட்ட ஏற்பாடு இருக்க வேண்டும், ஆகவே களப்பயிற்சியில் துப்பாக்கி சுடவும் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்தக் குளிர் காய்ந்த குளிர். நுவரெலியாவில் நனைந்த கம்பளிக்குள் ஊசியாய் இறங்கும் ஈரக்குளிரைவிட எனக்கு அது சுலபமாகத்தான் இருந்தது.

விசாவில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்வால்பார்டுக்கு யாருக்குமே விசா தேவையில்லை. ஆனால் விமானம் நோர்வே வழியாகத்தான் போகும், அதற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே என்பதால் திரும்பி வரும்போது இரண்டாம் முறை நுழைகிறீர்கள். இருமுறை நுழைவு விசா எடுக்காமல் போனவர் மாட்டிக்கொள்வார்.

லோங்யர்பியனில் 2015 டிசம்பர் 19 அன்று குடியிருப்புக்கு மேலே இருந்த மலையிலிருந்து பனிச்சரிவு இறங்கி 11 வீடுகளைத் தள்ளியது, இருவர் இறந்தார்கள். அந்தச் சரிவின் கீழ் நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது கொஸ்லாந்தை மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போன இடம். ஆபத்தான சரிவு என்று முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள், போக வேறு வீடு இருக்கவில்லை. லோங்யர்பியனில் அதன்பிறகு தடுப்பு வேலிகள் எழும்பின, ஆபத்தான வீடுகள் காலியாயின. சரிவு எங்கே உடையும் என்ற கணக்கு இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கணக்குக்குப் பிறகு நடந்தது வேறு. நான் இந்தத் துறையில் தங்கிவிட்டதற்குக் காரணம் கேட்டால் அந்த ஒரு பிற்பகலைத்தான் சொல்வேன்.

வெளிநாடு வேண்டாம், மலையகத்திலேயே இருந்து செய்ய முடியுமா?

முடியும். மண்சரிவு அபாய வரைபடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தயாரிக்கிறது, புவிச்சரிதவியலாளருக்கு அங்கே வேலை உண்டு. 1925-இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது, மண்ணும் காலநிலையும் அங்கே அன்றாடப் பாடம். கண்டி ஹந்தானையில் அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவனம், பேராதனையில் விவசாயத் திணைக்களம், இவை தவிர வளிமண்டலவியல் திணைக்களம். ஆசிய பசிபிக் பூகோள மாற்ற ஆய்வு வலையமைப்பில் இலங்கை உறுப்பு நாடு, இளம் ஆய்வாளர்களைச் சேர்த்த திட்டங்களுக்கு அங்கே நிதி கேட்கலாம்.

வெற்றிடங்கள் குறைவு, சம்பளமும் பெரிதில்லை, சிங்களம் தெரியாமல் காலந்தள்ளுவது கஷ்டம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்த பிறகு ஒன்று தெளிவாகத் தெரிந்தது: எச்சரிக்கையைத் தமிழில், லயத்து மக்களுக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்த அறிவியல் ஆட்கள் நமக்குப் போதாது.

கலாநிதிப் பட்டம் முடித்தால் நிரந்தர வேலை நிச்சயமா?

நிச்சயமில்லை. பட்டத்துக்குப் பின் இரண்டு, மூன்று வருட ஒப்பந்தங்களில் நாடு நாடாக மாறுவதுதான் வழமை. கோப்பி இலைநோய் நம் மலைகளை அழித்தபோது, அதை ஆராய 1880-இல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு வந்தார். அவருடையதும் இரண்டு வருட நியமனம்தான். நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சணம், அது காற்றில் பரவுகிறது, ஒரே பயிரை மலை முழுக்க நட்டதுதான் அதற்கு வழிவிட்டது என்று காட்டினார். கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. ஒப்பந்தம் முடிந்து போனவர் பின்னாளில் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். எல்லோருக்கும் அப்படி அமையாது. பொறியியல் ஆலோசனை நிறுவனங்கள், காப்புறுதி, அனர்த்த முகாமைத்துவம், தரவுப் பகுப்பாய்வு என்று ஆய்வுக்கு வெளியேயும் கண்ணை வைத்திருங்கள். என் வகுப்புத் தோழர்களில் பாதிப் பேர் அங்கேதான், வருத்தமாகவும் இல்லை.

இன்றைக்கே எதைத் தொடங்கலாம்?

துருவ இளம் விஞ்ஞானிகள் சங்கத்தில் சேருங்கள். 2007–08 சர்வதேச துருவ ஆண்டையொட்டி உருவான அமைப்பு, உறுப்புரிமை இலவசம். பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டெம்பர் மாதங்களில் துருவ வாரம் நடத்துகிறார்கள், இணையவழிப் பேச்சுகளை வீட்டிலிருந்தே கேட்கலாம். அடுத்த துருவ ஆண்டு 2032–33-க்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. இன்று உயர்தரம் எழுதுபவர் அப்போது கலாநிதிப் பட்டம் செய்துகொண்டிருக்கலாம்.

அப்புறம் தோட்டத்து ஆபிஸுக்குப் போய் மழைப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். மழைமானியில் தினமும் காலையில் அளந்து எழுதும் பழக்கம் பல தோட்டங்களில் தலைமுறைகளாக உண்டு, பழைய புத்தகங்கள் அலுமாரிக்கு மேலே கரையான் தின்னக் கிடக்கும். அனுமதி வாங்கி ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து, எக்ஸெலில் ஏற்றுங்கள். 1940-இலிருந்து கிடைக்கும் ஈஆர்ஏ5 காலநிலைத் தரவையும் இலவசமாக இறக்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துவராத மாதங்கள் இருக்கும். பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தில் அந்த மாதங்களைப் பற்றிக் கேளுங்கள்.